நெய்வேலியின் பற்றும் வரவும்

1957 மே மாதம் 15ஆம் தேதி தில்லியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒரு பட்ஜெட்டைப் படித்தார். பெரும் சொத்து வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும் என்ற சொத்துவரி இந்தியாவில் முதன்முதலாக வந்தது அந்தப் பட்ஜெட்டில்தான். ஐந்து நாள் கழித்து, மே 20 அன்று, தென்னார்க்காட்டின் செம்மண் காட்டில் பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. ஒன்று வரிச் சட்டம், மற்றொன்று சுரங்கம். ஆனால் இரண்டும் ஒரே வீட்டுக் கணக்கின் வரவும் செலவும்தான்.

அப்போது நாடு வசதியாக இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய வேகத்தில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் உதவி, மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களுக்கு ஜெர்மனி என்று கிடைத்த இடத்திலெல்லாம் கைநீட்டித்தான் நெய்வேலி எழுந்தது. அதாவது, நெருக்கடிக் காலத்தில் அரசு இரண்டு காரியம் செய்தது: இருப்பவரிடம் கேட்டது, இல்லாத ஒன்றைக் கட்டியது. அதன் பிறகு வந்த நெருக்கடிகளில் அரசு என்ன செய்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சொத்து ஏற்றத்தாழ்வு, பொதுக்கடன், அரசியல்மேல் விழுந்த அவநம்பிக்கை என்று தனித்தனி அத்தியாயங்களில் படிக்கும் மூன்று விஷயங்களும் ஒரே ஊரில் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை நெய்வேலியில் பார்க்கலாம்.

ஊர்க் கதை தமிழ்நாட்டுக்குத் தெரிந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும்போது கருப்பாக ஏதோ வந்தது. பின்னாளில் அவர் 620 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பரில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான அரசு நிறுவனம் பதிவானது. 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, 1962இல் மின்சாரம் வந்தது. இடையில் பூமி ஒரு தொல்லை கொடுத்தது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் மூழ்காது. அந்த இறைப்பு இன்றுவரை நிற்கவில்லை.

சுரங்கத்தோடு நகரியமும் வந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், அகலமான நிழல் சாலைகள், பள்ளிகள், மருத்துவமனை. முகவரி கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள், பிளாக் எண் சொல்வார்கள். ‘பர்மனென்ட்’ என்ற ஒரு சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் உள்ள மதிப்பு வேறெங்கும் கிடையாது. பெண் கேட்டு வரும் வீட்டில் முதல் விசாரணையே அதுதான்.

அந்தச் சொல்லை வைத்தே இங்குள்ள ஏற்றத்தாழ்வை அளக்கலாம். நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு உள்ளே நிரந்தரத் தொழிலாளியும் அதிகாரியும். வெளியே மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்களையும் தாண்டி, நிலம் கொடுத்த கிராமங்கள். உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் பல வேலைகளில் ஒரே ஷிப்டில் ஒரே இயந்திரத்தின் அருகில் நிற்கிறார்கள். சம்பளச் சீட்டை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் வேறுவேறு உலகத்தில் இருப்பது தெரியும். 2010இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தம் இந்த இடைவெளியைப் பற்றியதுதான். நிரந்தரம் செய்யக் கோரும் வழக்கும் பேச்சுவார்த்தையும் கூட்டுறவுச் சங்க ஏற்பாடும் என்று அந்தக் கதை நீண்டுகொண்டே போகிறது. இதற்கிடையில் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை ஓய்வுபெற ஓய்வுபெறச் சுருங்கிவந்திருக்கிறது. காலியாகும் இடம் அதே தகுதியில் நிரப்பப்படுவதில்லை.

இந்தியாவின் பெரிய படத்தில் இது எங்கே பொருந்துகிறது? தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் நாட்டின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் கையில் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்தன. இந்த எண்களின் கணக்கிடும் முறையைப் பற்றிப் பொருளாதார அறிஞர்களிடையே சண்டை உண்டு. இந்தியாவில் யாரிடம் எவ்வளவு சொத்து என்பதற்கு ஒழுங்கான அரசுக் கணக்கே இல்லாதபோது சண்டை வராமல் என்ன செய்யும்? இருந்தாலும், நிரந்தரத் தொழிலாளியைப் பார்த்து ஒப்பந்தத் தொழிலாளி படும் பொறாமை அந்த 40 சதவீதத்தின் பக்கத்தில்கூடப் போவதில்லை. நெய்வேலியில் கண்ணுக்குத் தெரியும் ஏற்றத்தாழ்வு ஏணியின் கீழ்ப்படிகளுக்கு இடையே உள்ளது. மேல்படி இந்த ஊரில் குடியிருப்பதே இல்லை. மக்களின் கோபம் பக்கத்து வீட்டோடு நின்றுபோவதற்கு இது பெரிய காரணம்.

சரி, கடனுக்கு வருவோம்.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழக நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதில் எல்லோர் நினைவிலும் தங்கிய எண் ஒன்றுதான்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். டீக்கடையில் அதைப் படித்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் மாநிலக் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயை எட்டும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் குடும்பக் கணக்கின்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கடனை எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பங்கிட்டுக் காட்டுகிறோம். சொத்தை அப்படிப் பங்கிட்டு, ‘உன் குடும்பத்துக்கு இவ்வளவு சேர வேண்டும்’ என்று எந்த வெள்ளை அறிக்கையும் சொன்னதில்லை. கடனில் மட்டும் ஏன் இந்தச் சமத்துவம்?

அந்தக் கடனின் ஒரு கிளை நேராக நெய்வேலிக்கே வருகிறது. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் கணிசமான பங்கைத் தமிழ்நாட்டு மின்வாரியம் வாங்குகிறது. வாங்கிய மின்சாரத்துக்கு உரிய நேரத்தில் பணம் கட்ட முடியாமல் வாரியம் பல ஆண்டுகள் திண்டாடியது. மின் விநியோக நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. கொரோனா ஊரடங்கில், 2020 மே மாதம், மின் உற்பத்தி நிறுவனங்களின் பாக்கியைத் தீர்ப்பதற்காக நாடு முழுவதும் உள்ள மின் விநியோக நிறுவனங்களுக்கு 90,000 கோடி ரூபாய் கடனுதவி என்று மத்திய அரசு அறிவித்தது. அதாவது, ஒரு அரசு நிறுவனம் இன்னொரு அரசு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியைக் கட்ட, மூன்றாவது அரசு நிறுவனத்திடம் கடன்.

இதே சங்கிலியை வயலிலிருந்து பிடித்துப் பாருங்கள். சுரங்கம் மூழ்காமலிருக்க நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் கீழே போய்விட்டது என்பது விவசாயிகளின் நீண்டநாள் புகார். ஆழத்திலிருந்து இறைக்கப் பெரிய மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் அது வந்தது. அந்த இலவசத்துக்கான மானியத்தை மாநில அரசு வாரியத்துக்குத் தர வேண்டும். தரப் பணம் போதாதபோது வாரியம் கடன் வாங்குகிறது. அந்த வாரியம் மின்சாரம் வாங்குவது, நீரை இறைக்கும் அதே நெய்வேலியிடம். இலவச மின்சாரத்தை ஒழித்துவிடலாம் என்று சொல்லும் பண்டிதர்கள் இந்த வட்டத்தின் ஒரு புள்ளியில் மட்டும் விரலை வைக்கிறார்கள்.

நிலக்கரியிலிருந்து மாநிலத்துக்கு என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கு உரிமத்தொகை விலையில் 6 சதவீதம். 2015க்குப் பிறகு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனியாக ஒரு பங்கு. லாப ஈவு பெரும்பங்குதாரரான மத்திய அரசுக்கு. பொது வரிப்பகிர்விலோ தமிழ்நாட்டின் பங்கு பத்தாவது நிதிக்குழுக் காலத்தில் 6.6 சதவீதமாக இருந்து, பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 சதவீதமாக இறங்கியது. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகத் தரக் கூடாது என்பதல்ல இதற்குப் பொருள். பீகாரின் தேவை உண்மையானது. ஆனால் அந்தத் தேவையை நிறைவேற்றும் சுமை மாநிலங்களுக்கு இடையே மட்டும் பிரிகிறது, மேல்தட்டு ஒரு சதவீதத்தின் சொத்தைத் தொடாமலே பிரிகிறது.

பிக்கெட்டி தமது ‘21ஆம் நூற்றாண்டில் மூலதனம்’ நூலில் சொல்லும் வாதத்தின் சாரம் இது: அரசு தன் செலவுக்கு வசதி படைத்தவரிடம் பணம் பெற இரண்டு வழி இருக்கிறது, வரியாக வாங்கலாம், கடனாக வாங்கலாம். கொடுப்பவருக்குக் கடன் எப்போதும் இனிக்கும். கொடுத்த பணமும் திரும்பும், வட்டியும் வரும். ஐரோப்பாவுக்கு இது அப்படியே பொருந்துகிறது. இங்கே கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். இந்திய அரசுப் பத்திரங்களைப் பெரும்பாலும் வாங்குவது வங்கிகளும் எல்.ஐ.சி.யும் வருங்கால வைப்பு நிதியும்தான். ஆக, சுரங்கத் தொழிலாளியின் பி.எஃப். பணமும் அவர் கட்டும் பிரீமியமும் அரசுக்குக் கடனாகப் போகின்றன. கடன் கொடுத்தவரும் அவரே, மறைமுக வரி கட்டி வட்டி தருபவரும் அவரே. பெரும் பணக்காரரின் செல்வம் பங்குகளிலும் நிலத்திலும் கிடக்கிறது. இந்த ஆட்டத்தில் அவர் பெரிதாக இறங்கவே இல்லை.

அவரை இறக்க முயன்ற சட்டம் என்னவாயிற்று? 1957இன் சொத்துவரிக்கு நிகலஸ் கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞரின் யோசனை அடிப்படை. தொடக்கம் முதலே விலக்குகள் அதில் ஓட்டை போட்டன. 1953இல் வந்த இறப்புச் சொத்துவரியை 1985இல் நீக்கினார்கள். சொத்துவரியை 2015இல் அருண் ஜேட்லி நீக்கினார். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்தான் வசூலாகிறது, வசூலிக்கும் செலவும் தொல்லையும் அதிகம் என்றார். பதிலுக்குப் பெரும் வருமானக்காரர்மேல் கூடுதல் வரி போட்டார். அவர் சொன்ன வசூல் கணக்கு பொய்யல்ல. ஆனால் ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்று கிணற்றையே மூடிய கதை அது. 2019 செப்டம்பரில் நிறுவன வருமான வரி விகிதம் 30லிருந்து 22 சதவீதமாக இறங்கியது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அன்று சொன்னது. ஆறே மாதத்தில் கொரோனா வந்தது.

வரி வரவில்லையென்றால் இருப்பதை விற்க வேண்டும். 1991 நெருக்கடிக்குப் பிறகு பொதுத்துறைப் பங்கு விற்பனை தொடங்கியது. நெய்வேலியிலும் சிறு பங்கு கைமாறி, அரசின் கையில் 93.56 சதவீதம் மிஞ்சியது. 2006இல் இன்னொரு 10 சதவீதத்தை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, கூட்டணிக் கட்சியான தி.மு.க.வின் தலைவர் கருணாநிதி கடும் எதிர்ப்புத் தெரிவிக்க, பிரதமர் மன்மோகன் சிங் நெய்வேலி மட்டுமல்ல, எல்லாப் பங்கு விற்பனையையுமே நிறுத்திவைத்தார். ஒரு சுரங்க ஊர் தில்லியின் கொள்கையை முடக்கிய நாள் அது. நெய்வேலியில் அந்தத் தலைமுறைத் தொழிலாளர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

2013இல் மறுபடியும் விற்பனை. பங்குச் சந்தை விதிப்படி பொதுப் பங்கு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்ற காரணம் வந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா வேறு வழி கண்டார். 3.56 சதவீதப் பங்கைத் தனியார் கைக்குப் போகவிடாமல், டிட்கோ, சிப்காட் முதலான ஐந்து தமிழ்நாட்டு அரசு நிறுவனங்கள் 350 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கின. பங்கு பொது உடைமையாகவே நின்றது. மக்கள் சொத்தைக் காப்பாற்ற மக்களே இரண்டாம் முறை விலை கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். இருந்தும் அது செயல்பட்ட அரசியல், கையைக் கட்டிக்கொண்டு நின்ற அரசியல் அல்ல.

பிறகு? 2017இலும் அதன் பின்னும் பங்குகள் நழுவின. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, பங்கு ஒன்றுக்கு 212 ரூபாய் அடிப்படை விலையில் 7 சதவீதம் வரை விற்பனைக்கு வந்தது. அரசின் கையிருப்பு 72.2 சதவீதமாக இறங்கியது. 2006இல் நாட்டையே நிறுத்திய கேள்வி, 2024இல் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி. அவநம்பிக்கை எங்கே குடிகொண்டது என்று தேடுபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் தேட வேண்டும். விற்பனையைப் பற்றிய கருத்து மாறிவிடவில்லை. நிறுத்த முடியும் என்ற எண்ணம்தான் போய்விட்டது.

எண்ணம் போனதற்குக் காரணங்கள் உண்டு. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஆறு பேர் அன்றே இறந்தார்கள், பலர் அடுத்தடுத்த நாட்களில். அதற்கு முந்தைய மே மாதமும் அதே நிலையத்தில் ஒரு வெடிப்பு. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். 30 லட்சம் ரூபாய் இழப்பீடு, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று முடிந்தது. வாழ்நாளெல்லாம் கேட்ட நிரந்தர வேலை, செத்த பிறகு வாரிசுக்குக் கிடைக்கிறது என்றால் அந்தத் தெருவில் யார் என்ன நினைப்பார்கள்? 2022இல் பொறியாளர் பயிற்சிப் பணிக்கான 299 பேர் பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர்கள் அனேகமாக இல்லை என்ற சர்ச்சை எழுந்தது. கேட் பொறியியல் தேர்வின் மதிப்பெண் அடிப்படையில்தான் ஆள் எடுப்பு என்பது விதிப்படி சரியான பதில். நிலம் கொடுத்த வீட்டில் அந்தப் பதிலுக்கு எந்தப் பொருளும் இல்லை.

2023 ஜூலை இறுதியில் வளையமாதேவி கிராமம். பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, பால் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிறுவனத்தின் வாதம்: நிலம் பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று சொன்னோம். விவசாயியின் வாதம்: பத்தாண்டு சும்மா கிடந்த நிலத்தில் விதைத்தோம், அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா? பயிர் அழிந்த காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது தமிழ்நாடு முழுக்க ஒரு பதற்றம். பா.ம.க. போராட்டம், கல்வீச்சு, தடியடி, கைது. சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காத சட்டப் பின்னணி ஒன்று உண்டு. 2013இன் மத்திய நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. தமிழ்நாடு தனது 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் உட்பட மூன்று சட்டங்களை அந்த நிபந்தனையிலிருந்து விலக்கிக்கொள்ளத் திருத்தம் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கொண்டுவந்தது அ.தி.மு.க. அரசு, திரும்பப் பெறாதது தி.மு.க. அரசு. ‘யார் வந்தாலும் இதுதான்’ என்று கடலூர் மாவட்டத்தில் ஒரு விவசாயி சொன்னால் அதை விரக்தி என்று ஒதுக்க முடியாது. சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்வதுபோலத்தான் இருக்கிறது.

அவநம்பிக்கை எல்லா நாட்டிலும் ஒரே முகத்தோடு வருவதில்லை. பக்கத்திலுள்ள இலங்கையில் 2019 இறுதியில் புது அரசு வரிகளைத் தாராளமாகக் குறைத்தது. மதிப்புக் கூட்டு வரி 15லிருந்து 8 சதவீதமானது. கொரோனாவில் சுற்றுலா வருமானம் நின்றது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். தங்களால் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையின் உச்சம் அது. ஓராண்டு கழித்து உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வெட்டு விழுந்தது ஊழியர் சேமலாப நிதியின்மேல், வங்கிகளின்மேல் அல்ல. கொழும்பு எழுத்தரின் பணமும் ஹட்டன் தோட்டத் தொழிலாளியின் பணமும் அந்த நிதிக்குள்தான் இருந்தன. மாளிகைக்குள் புகுந்தவரின் ஓய்வுக்காலச் சேமிப்புதான் மாளிகைக்காரர் வாங்கிய கடனை அடைக்கப் போயிற்று.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. நெய்வேலிக்கு மண்வெட்டும் சக்கரங்களை அனுப்பிய அதே மேற்கு ஜெர்மனி, போரில் நொறுங்கிக் கிடந்த நேரத்தில், 1952இல் சுமைச் சமன்பாட்டுச் சட்டம் ஒன்றைப் போட்டது. போரில் சொத்துத் தப்பியவர்கள், 1948இல் தங்களிடம் இருந்ததன் மதிப்பில் பாதியை முப்பதாண்டுத் தவணையில் கட்ட வேண்டும். இழந்தவர்களுக்கும் அகதிகளுக்கும் அது போயிற்று. அந்த அரசு இடதுசாரி அரசு அல்ல, அடினாயரின் பழமைவாத அரசு.

நெய்வேலியைச் சுற்றி எல்லாமே தோல்வி என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இருந்தது தெரியவந்தது. டெல்டா கொந்தளித்தது. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசின. சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. கூப்பிடு தூரத்தில் வளையமாதேவிக்குக் கிடைக்காதது சேத்தியாத்தோப்புக்குக் கிடைத்தது ஏன்? 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஒரு காரணம். இன்னொன்று, புதிதாக வருவதைத் தடுப்பது எளிது. அறுபதாண்டாக உள்ளே இருப்பதோடு வழக்காடுவது கடினம். அதிலும் அந்த உள்ளே இருப்பதில் அண்ணனுக்கு வேலை, மாமனுக்குக் குவார்ட்டர்ஸ் என்றால் இன்னும் கடினம்.

நிலக்கரி எடுத்து முடித்த குழியை மேல்மண்ணால் நிரப்பிக்கொண்டே சுரங்கம் முன்னேறுகிறது. நிரப்பிய இடத்தில் மரம் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பயிரும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ‘எடுத்து முடிச்ச இடத்தையாவது திருப்பித் தரலாமே’ என்று கிராமத்தார் கேட்கிறார்கள். தாத்தா ஊரின் பெயர் சொல்லி, இதோ இந்த மேட்டுக்குக் கீழேதான் என்று கை காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நிலத்தின் பட்டாவில் இப்போது நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நிறுவனத்தின் பங்கு சந்தையில் இருக்கிறது.